அந்தக் கேள்வி பதினோரு பேருக்குப் போனது

மாநாட்டுக்கு மண்டபம் பிடிப்பது, அழைப்பிதழில் டாக்டர்களின் பட்டங்களை வரிசை மாறாமல் அச்சடிப்பது, உறுப்பினர் அட்டை தொலைந்துபோனது என்று மூன்றாவது முறையாக வந்து நிற்கிறவரைச் சமாளிப்பது, இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு வரவில்லை. சங்க அலுவலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், இணையதளமும் உங்கள் கையில்தான் இருக்கப்போகிறது என்றார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. ஓய்வு பெற்றுவிட்டேன், இனி யாரும் என் சீட்டைக் கிழிக்க முடியாது.

நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தது நரம்பியல் மருத்துவர்கள் சங்கம் ஒன்றில். பெயர் வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்து டாக்டர்கள் அதில் உறுப்பினர்கள். அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி. கீழே டவுன் பஸ்களின் ஹாரன், மேலே நான், ஒரு கணினி, ஒரு பீரோ. அவ்வளவுதான் சங்கம். மற்றதெல்லாம் டாக்டர்கள் வீட்டுக்கு வீடு வைத்திருந்த லெட்டர்பேடு.

இணையதளம் தொடங்கலாம் என்று தீர்மானம் போட்டபோது டாக்டர்கள் கேட்டது தங்கள் படமும் மாநாட்டுப் படங்களும். பொதுமக்களுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும், யாராவது சந்தேகம் கேட்டால் வாரத்துக்கு ஒரு டாக்டர் முறை வைத்துப் பதில் சொல்லட்டும் என்று சொன்னவள் நான். நல்ல எண்ணம்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

தளத்தை அமைத்துக் கொடுத்தது பீளமேட்டில் இருந்து வந்த ஒரு பெண். கேள்வி கேட்கிறவர் நிரப்ப நாலு கட்டம் வைத்திருந்தாள்: பெயர், கைபேசி எண், வயது, கேள்வி. எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. நம் பக்கத்தில் ஒருவரிடம் பேச்சைத் தொடங்கினால் எந்த ஊருங்க, யாரு ஊட்டுங்க என்று கேட்காமல் இரண்டாவது வார்த்தை வராது. கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அதனால் ஊர், அப்பா பெயர், என்ன வேலை என்று இன்னும் மூன்று கட்டம் சேர்க்கச் சொன்னேன்.

“டாக்டர் பதில் சொல்றதுக்கு அப்பா பேரு எதுக்குங்க மேடம்?” என்று கேட்டாள்.

“இருந்தா இருந்துட்டுப் போகுது, கண்ணு” என்றேன்.

அடியில் ஒரு வரி வேண்டும், எல்லாத் தளத்திலும் போடுகிறார்கள் என்று அவளே சொன்னாள். நான் எழுதிக் கொடுத்தேன்: ‘உங்கள் விவரங்கள் ரகசியமாகப் பாதுகாக்கப்படும். உங்களுக்குப் பதில் சொல்வதற்கு மட்டுமே பயன்படும்.’ கடிதத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுவோமே, அந்த மாதிரிதான் எழுதினேன். அதை ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்தது மின்னஞ்சல் பட்டியல். ஒருவர் கேள்வி அனுப்பினால் அது அந்த வாரத்து முறை டாக்டருக்கும் எனக்கும் வந்தால் போதும். ஆனால் பதினோரு பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பொறுப்பாளர்கள் மாறுவார்கள். புதியவர்களைச் சேர்ப்போம், பழையவர்களை எடுக்க மாட்டோம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெரியப்பா பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு முறை கணினி மாற்றியபோது ஒரு முன்னாள் பொருளாளர் பெயர் தவறுதலாக விட்டுப்போய்விட்டது. மூன்றாம் நாள் போன் வந்தது. “என்னுங்க அம்மணி, நான் செத்துப்போயிட்டனாட்டப் பேரை எடுத்துப்போட்டீங்க?” என்றார். மன்னிப்புக் கேட்டுச் சேர்த்தேன். அதற்குப் பிறகு யார் பெயரையும் தொட எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பதினோரு பேரில் பாதிப் பேர் அஞ்சலைத் திறப்பதே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பட்டியலில் இருக்கிறோம் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

இப்படியே ஏழெட்டு வருடம் ஓடியது. தலைவலி, மரத்துப்போகும் கால், தூக்கமின்மை என்று கேள்விகள் வரும், பதில் போகும். ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு ஒரு கேள்வி வந்தது. எழுதினவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஓட்டுநர் என்றே சொல்கிறேன். அவர் எழுதியிருந்தது ஏறக்குறைய இதுதான்: ‘இந்த மாதத்தில் இரண்டு முறை காலை நேரத்தில் இடது கை தானாக இழுக்கிறது. டீ டம்ளர் கீழே விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. நான் வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். இது வலிப்பா? வண்டியை விட்டுவிட வேண்டுமா? குழந்தைகள் ஏறும் வண்டி என்பதால் கேட்கிறேன். காலை ஒன்பது வரைக்கும், சாயங்காலம் மூன்றரைக்கு மேலும் கூப்பிட வேண்டாம், ஓட்டிக்கொண்டு இருப்பேன்.’ ஊர் என்ற கட்டத்தில் ஊர். அப்பா பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர். ஒன்றையும் விடாமல் நிரப்பியிருந்தார். கேட்டால் சொல்கிற மனிதர்.

படித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரைக்கு இன்னும் நாலு மணி நேரம்கூட இல்லை. வழக்கமாக இரண்டு நாளில் பதில் சொல்வோம். இதற்கு இரண்டு நாள் காத்திருக்க முடியாது. அந்த வாரம் முறை ஈரோட்டில் இருக்கும் ஒரு டாக்டரம்மாவுக்கு. எங்கள் உறுப்பினர்களிலேயே வயதில் சிறியவர். கூப்பிட்டேன். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முடித்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்றார் நர்ஸ். அவசரம் என்று சொல்லி வைத்தேன்.

வைத்த கையோடு போன் அடித்தது. டாக்டரம்மா என்று எடுத்தேன். பேசியது எங்கள் சங்கத்தின் முன்னாள் தலைவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருந்துறைப் பக்கத்துப் பெரிய விவசாயக் குடும்பம். ஆஸ்பத்திரி உண்டு, தோட்டம் உண்டு, ஒரு பள்ளிக்கூட அறக்கட்டளைக்கும் அவர்தான் தாளாளர். நம் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. சங்கத்துக்கு அலுவலகம் என்று ஒன்று வந்ததே அவரால்தான். எனக்கு வேலை கொடுத்ததும் அவர். கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையில் கெட்டவரைத் தேடாதீர்கள். தலைவர் பதவி முடிந்து ஆறு வருடம் ஆகியும் பட்டியலில் இருந்தார். அஞ்சலைத் திறந்து படிக்கிற மிகச் சிலரில் ஒருவர்.

“அம்மணி, அந்த மெயிலைப் பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க சார்.”

“இவன் நம்ம பள்ளிக்கூட வண்டி ஓட்டறவன். ஊரும் அப்பன் பேரும் போட்டிருக்குதே. அவங்கப்பன் எங்க தோட்டத்துலதான் மாடு கன்னு, பண்டம்பாடியெல்லாம் பாத்துட்டு இருந்தான். எனக்கு நல்லாத் தெரியும்.”

“சார், அது நம்ம டாக்டர் பதில் சொல்றதுக்காக அவரு கொடுத்த விவரமுங்க. முறை டாக்டர் முதல்ல பேசட்டுமுங்க” என்றேன்.

“முப்பது கொழந்தைக உக்காந்திருக்குமுங்க அம்மணி. மூணரைக்கு வண்டியெடுப்பான். நீங்க விவரம் அது இதுன்னு பேசறீங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரகசியம் என்றால் ரகசியம்தான், வானமே இடிந்து விழுந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். அந்த வண்டியில் என் பேத்தி உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன். ஆனால் ஒன்று இருந்தது. அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் அவர் என்ன செய்வார் என்று பார்ப்பதற்கு நேரமும் இருந்தது.

“ஒரு மணி நேரம் குடுங்க சார். டாக்டரம்மாவை அவருகிட்டப் பேச வைக்கறேன். அவரா வண்டியெடுக்க மாட்டேன்னு சொல்லாட்டிப் பொறவு உங்க இஷ்டமுங்க.”

“ம். பாக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

நம் ஊரில் ‘பாக்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. “சரின்னு சொல்லுங்க சார்” என்று அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். சோறு போட்டவரிடம் எப்படி அழுத்திக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மாவை மூன்றாவது முறை கூப்பிட்டுப் பிடித்தபோது மணி பன்னிரண்டரை. விஷயத்தைச் சொன்னதும் அறையை விட்டு வெளியே வந்து பேசினார். ஓட்டுநரையும் அதே அழைப்பில் சேர்த்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். வண்டி கழுவிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினார்.

டாக்டரம்மா ஐந்தாறு கேள்வி கேட்டார். பிறகு சொன்னார்: “இன்னைக்குச் சாயங்காலம் நீங்க ஓட்ட வேண்டாமுங்க. டெஸ்ட் எடுத்துப் பாக்கற வரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டாம். மாத்திரை இருக்குது, சரி பண்ணலாம், பயந்துக்க வேண்டியதில்லை. நாளைக்கு எங்கிட்ட வாங்க.”

ஓட்டுநர் சொன்னார்: “எனக்கும் அதே நெனப்புத்தானுங்க. ரெண்டு நாளா ஆயாம்மாவை முன்னால உக்கார வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன். அதுவே தப்புத்தானுங்க. டாக்டர் ஒருத்தர் சொன்னாருன்னா ஆபீசுல போயிச் சொல்றதுக்கு ஒரு தெம்பா இருக்கும்னுதான் கேட்டேன். இப்பவே போயிச் சொல்லிப்போடறேனுங்க.”

“நல்லதுங்க” என்றார் டாக்டரம்மா.

“நானே சொல்லிக்கறேனுங்க. நீங்க யாரும் சொல்ல வேண்டாமுங்க.”

“நாங்க சொல்ல மாட்டோமுங்க” என்றேன். டாக்டரம்மா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அவருடைய தாளாளருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்போது சொன்னேன். ஒரு மணி நேரம் வாங்கியிருக்கிறோமே, அதற்குள் இவர் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அது பொய் இல்லை என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய்தான்.

உடனே முன்னாள் தலைவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒன்றேகாலுக்கு அவரே கூப்பிட்டார்.

“ஆச்சு அம்மணி. சாவியை வாங்கியாச்சு.”

என்னிடம் பேசி முடித்த கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்திருக்கிறார். வண்டிகளைக் கவனிக்கிற மேலாளர் வேறொரு வேலையில் இருந்திருக்கிறார், அதனால்தான் மணி ஒன்று ஆகும் வரை இழுத்திருக்கிறது. ஓட்டுநர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்தை நோக்கி நடந்தபோது மேலாளர் எதிரே வந்திருக்கிறார். மற்ற ஓட்டுநர்கள் வராந்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். “வலிப்பை வெச்சுக்கிட்டுக் கொழந்தைகளை ஏத்தறயா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டு, சாவிக்குக் கையை நீட்டியிருக்கிறார். “அதைச் சொல்லத்தானுங்க வந்துட்டு இருந்தேன்” என்று இவர் சொல்லியிருக்கிறார். “மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க” என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவெல்லாம் அதே பேச்சு. நோயை மறைத்துக் குழந்தைகளை ஏற்றிய டிரைவர் என்று பெயர் வந்துவிட்டது. வேலையும் போனது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த வண்டியை அவர் அன்று சாயங்காலம் ஓட்டக் கூடாது, ஓட்டவும் இல்லை. குழந்தைகள் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை, அவருக்கும் இல்லை. ஆனால் தானே போய்ச் சொன்ன மனிதர் என்று பெயர் வாங்கியிருக்க வேண்டியவர், பிடிபட்ட மனிதர் என்று பெயர் வாங்கினார். அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால், அப்பா பெயர் இருந்தா இருந்துட்டுப் போகுது என்று சொன்ன நான். பட்டியலில் ஒரு பெயரை எடுக்கப் பயந்த நானும்தான்.

சனிக்கிழமை அவர் ஈரோட்டுக்குப் பரிசோதனைக்குப் போனார். நடந்ததைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “எங்கிட்டக்கூடக் கேக்காம யாருங்க மேடம் சொன்னது?” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நடந்ததைச் சொன்னேன். “இனிமே எனக்கு முறை போடாதீங்க” என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, விஷயம் காதுக்கு எட்டி, அப்போதைய தலைவர் போனில் பேசினார். அதுவரை அந்தப் பக்கம் தளத்தில் இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

“அந்த மெசேஜை முதல்ல அழிச்சுப்போடுங்க. சட்டம் கிட்டம்னு யாராச்சும் வந்தா வம்பு. நம்ம பாலிசியிலயே இருக்குதல்ல, யாரு விவரத்தையும் வெச்சுக்கறதில்லைன்னு?”

“அப்படி எங்கயும் இல்லீங்க சார். அந்த வரியை நான்தான் எழுதுனேன்.”

“இல்லாட்டி இப்ப எழுதிச் சேத்துப்போட்டு அழிங்க.”

கணினியில் அந்தக் கேள்வியைத் திறந்து வைத்திருந்தேன். அழிக்க ஒரு நொடி போதும். நான் யோசித்தது இதைத்தான்: வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு, யாருக்கும் தெரிவதற்கு முன்னால், அந்த மனிதர் தானாகவே கேட்டார் என்பதற்கு என் கையில் இருக்கிற ஒரே சாட்சி இந்தக் கேள்விதான். இதை அழித்தால் சங்கத்துக்கு நல்லது. அழிக்காவிட்டால் அவருக்கு நல்லது. அதைவிட முக்கியம், இது சங்கத்தின் சொத்து இல்லை, அவருடையது. பதினோரு பேருக்கு அனுப்பும்போது அவரைக் கேட்கவில்லை. அழிப்பதற்காவது கேட்கலாம்.

“அவரைக் கேட்டுட்டு அழிக்கறேனுங்க சார்” என்றேன். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க சங்கத்துல வேலை பாக்கறீங்களா, அந்த ஆளுகிட்ட வேலை பாக்கறீங்களா?” என்றார். போனை வைத்தேன். அந்தக் கேள்வியை நேரத்தோடு ஒரு தாளில் அச்செடுத்து, பையில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஓட்டுநர் போனை எடுக்கவே இல்லை. அதனால் நேரில் போனேன். அவிநாசி போய், அங்கிருந்து பெருந்துறை பஸ்ஸில் ஏறி, வழியில் சாலை பிரிகிற ஒரு நிறுத்தத்தில் இறங்கினேன். என்னிடம் வீட்டு முகவரி இல்லை. ஊர்ப் பெயரும் அப்பா பெயரும்தான் இருந்தன. டீக்கடையில் கேட்டேன், கைகாட்டினார்கள். தெருமுனையில் ஒரு அம்மாவிடம் கேட்டேன், கூடவே வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார். இரண்டே கேள்வி. நான் ஆசையாகச் சேர்த்த கட்டங்கள் எதற்குப் பயன்படும் என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வேறு யார் வேண்டுமானாலும் இப்படி வந்து நின்றிருக்கலாம்.

அவர் மனைவி பனியன் துணியில் பிசிறு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அந்த டாக்டருக சங்கத்துல இருந்துங்களா?”

ஆமாம் என்றேன். எப்படி வெளியே போனது என்பதை மறைக்காமல் சொன்னேன். கேள்வி பதினோரு பேருக்குப் போகிற மாதிரி வைத்திருந்தோம், அதில் ஒருவர் உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தின் தாளாளர், ஊரையும் அப்பா பெயரையும் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார், எங்கள் மேல்தான் தப்பு. தலைவர் இதில் ஒரு வார்த்தைகூட அவர்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருப்பார்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரகசியமா வெச்சுக்குவம்னு அடியில போட்டிருந்துதுங்களே. அதைப் படிச்சுக் காட்டித்தான் நான் இவரைக் கேக்க வெச்சேன். இவரு வேண்டாம் வேண்டாம்னாரு. நான்தான் போன்ல அடிச்சேன்.”

“அந்த வரியை எழுதுனது நான்தானுங்க.”

“எழுதுனவங்க அதைப் படிச்சுப் பாக்கலீங்களா?”

என் வேலைக் காலத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். பட்டம் விட்டுப்போனதற்கு, மேடையில் நாற்காலி தள்ளிப் போட்டதற்கு, சால்வை நிறம் மங்கலாக இருந்ததற்கு. எதுவும் எனக்கு ஒட்டினதில்லை. இது ஒட்டிக்கொண்டது. வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஓட்டுநர் உள்ளே இருந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் தாளை நீட்டினேன். முழுக்கப் படித்தார். பிறகு தாளின் மேல்பக்கத்தில் எதையோ தேடினார்.

“நேரம் போட்டிருக்குதுங்களா?”

விரலை வைத்துக் காட்டினேன். பதினொன்று நாற்பது.

“சாவி வாங்கும்போது மணி ஒண்ணுங்க” என்றார். தாளை நாலாக மடித்தார். “இதைய நான் வெச்சுக்கலாமுங்களா?”

“உங்களுதுதானுங்க.”

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தேன். அவர் அங்கே போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வேன் போகிற வழியில், வேன் நிற்கிற வரிசையிலேயே ஒவ்வொரு குழந்தை வீட்டுக்கும் போனார். தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நேரத்தைக் காட்டினார். எனக்கு இது தெரிந்தபோது பதறிப்போய்க் கூப்பிட்டேன். உங்க நோவு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுமே என்றேன்.

“நோவு முன்னாலயே தெரிஞ்சுபோச்சுங்க” என்றார். “நான் மறைச்சேன்னு நெனச்சுட்டாங்கல்ல, அதுதானுங்க எனக்குப் பொறுக்கல.”

சில வீடுகளில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்திருக்கிறார்கள். சில வீடுகளில் வாசலிலேயே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு நாள் ஆயாம்மாவை வைத்து ஓட்டினீங்களா என்று ஒரு அப்பா கேட்டாராம். ஆமாங்க, அது தப்புங்க என்று சொன்னாராம். ஒரு வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை.

பெற்றோர்கள் சிலர் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்ததில் விஷயம் முன்னாள் தலைவருக்குப் போனது. அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூட்டுவலிக்காரர், மாடிப்படி ஏற ஐந்து நிமிடம் ஆனது. அந்தக் கேள்வியைக் காட்டச் சொன்னார். ஊரையும் அப்பன் பெயரையும் வேலையையும் மட்டும்தான் அன்று பார்த்திருக்கிறார், மற்றதை மேலோட்டமாக ஓட்டியிருக்கிறார். இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். ‘குழந்தைகள் ஏறும் வண்டி என்பதால் கேட்கிறேன்’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார்.

“நான் போன் பண்ணது சரிதானுங்க அம்மணி” என்றார்.

“குழந்தைகளுக்காகப் பண்ணீங்க, சரிதானுங்க சார்” என்றேன். “ஒரு மணி நேரம் கேட்டேனுங்களே.”

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். போகும்போது, “என் பேரை அந்த லிஸ்ட்டுல இருந்து எடுத்துப்போடுங்க” என்றார். பள்ளிக்கூட ஸ்டோரில் வேலை தருவதாக ஓட்டுநருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் போகவில்லை. பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வாரமே அவர் மனைவி கூப்பிட்டார். “எல்லா ஊட்டுக்கும் போயிட்டு வந்துட்டமுங்க. இனி அதைய அழிச்சுப்போடுங்க.”

“இன்னைக்கே அழிச்சுப்போடறேனுங்க.”

“அழிச்சீங்கன்னு நாங்க எப்படிங்க நம்பறது?”

நியாயம்தானே. “நீங்களே வந்து அழிச்சுட்டுப் போங்க” என்றேன்.

இரண்டு பேரும் பஸ் ஏறி வந்தார்கள். என் நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்கார வைத்தேன். கேள்வியைத் திறந்து எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கணினி கேட்டது. அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அழுத்தினார்.

“வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா?”

அந்தக் கேள்வி போன பதினோரு பேரில் என்னைத் தவிர மீதிப் பத்துப் பேர் டாக்டர்கள். பத்துப் பேரையும் நான் போனில் பிடித்து, அவர்கள் பெட்டியில் இருப்பதை அழிக்கச் சொல்லியிருந்தேன். அழிச்சாச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கும் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, “பத்துப் பேரும் அழிச்சதாச் சொல்றாங்க. நான் கண்ணுல பாக்கலீங்க. எங்கிட்ட இருந்ததை நீங்களே அழிச்சுட்டீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியுமுங்க” என்றேன்.

“அப்படிச் சொல்லுங்க” என்றார். அவர் குரலில் முதல் தடவையாகக் கோபம் இல்லை.

எழுந்தவர் கதவருகே நின்றார். “எங்க வீதியில ஒரு புள்ளைக்கு இவருக்காட்டமே கை இழுக்குதுங்க. ஊட்டுல சொல்ல பயந்துக்கிட்டு இருக்குது. உங்க இதுல கேக்கச் சொல்லட்டுமா, வேண்டாமுங்களா?”

சொல்லுங்க என்று என்னால் சொல்ல முடியவில்லை. “ஒரு வாரம் பொறுங்க” என்றேன்.

அந்த ஒரு வாரத்தில் என்ன செய்தேன் என்பதை நீங்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஊர், அப்பா பெயர், வேலை மூன்றும் போயின. கேள்வி முறை டாக்டருக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் வரும்படி மாற்றினேன். பட்டியலில் இருந்து எடுத்த ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். இரண்டு பேர் இன்று வரைக்கும் என்னோடு பேசுவதில்லை. பதில் போய் ஒரு மாதத்தில் கேள்வி தானாக அழியும்படி பீளமேட்டுப் பெண் செய்து கொடுத்தாள். ஈரோட்டு டாக்டரம்மாவிடம் போய் நின்றேன், மறுபடி முறைக்கு வரச் சம்மதித்தார். அடியில் இருந்த வரியை எடுத்துவிட்டு, நீங்கள் எழுதுவதை யார் யார் படிப்பார்கள், எத்தனை நாள் இருக்கும் என்பதை மட்டும் எழுதினேன். எழுதிவிட்டு ஐந்து முறை படித்துப் பார்த்தேன்.

எட்டாம் நாள் ஓட்டுநரின் மனைவியைக் கூப்பிட்டேன். என்னென்ன மாற்றினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“இப்பச் சொல்லலாமுங்க. அந்தப் புள்ளையைக் கேக்கச் சொல்லுங்க” என்றேன்.

“அந்தப் புள்ளையை நானே ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டரம்மாகிட்டக் காட்டிப்போட்டேனுங்க” என்றார். “எழுதறதுக்கு எனக்கு மனசு வரலீங்க.”